செல்ஃப் எடுக்காத ஜீப்பும் எம்லினின் கைராசியும்

வேல்ஸ் மலைப்பக்கம் ஆடு வளர்ப்பவர்களில் எம்லினைப் போல மண்ணில் மல்லாந்து படுத்தவன் வேறு யாரும் இருக்க முடியாது. காலையில் எழுந்து டீயைக் குடித்தானோ இல்லையோ, சுத்தியலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவான். பழைய ஜீப்புக்கு அடியில் முதுகை வைத்து நெளிந்து நெளிந்து உள்ளே போவான். வெளியே ரப்பர் பூட்ஸ் இரண்டு மட்டும் தெரியும். மேலே அவன் மனைவி நெஸ்டா சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

“ம்ம், போடு!” என்று அடியிலிருந்து குரல் வரும்.

அவள் சாவியைத் திருப்ப, ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அவன் ஸ்டார்ட்டர் மோட்டாரின் வயிற்றில் சுத்தியலால் தட்டுவான். மறுபடி ‘டிக்’. மறுபடி தட்டு. அதற்குள் நாய் பெரோ வந்து பூட்ஸை முகர்ந்துவிட்டு, நம்பிக்கை இழந்து திரும்பிப் போகும். எப்போதோ ஒரு தட்டுக்கு மோட்டார் முனகிக்கொண்டு சுற்றும், என்ஜின் இருமிக்கொண்டு எழும். எம்லின் முதுகெல்லாம் சேறாக வெளியே வந்து, பிரசவம் பார்த்து முடித்த மருத்துவச்சி மாதிரி கையைத் துடைத்துக்கொள்வான்.

“கைராசி! இது எல்லாருக்கும் வராது நெஸ்டா.”

நெஸ்டாவுக்கு அந்தக் கைராசியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இறக்கத்தில் உருட்டிக் கிளப்பலாம் என்றால், அவர்களுடைய ஹாவொட் வென் பண்ணை வீடு கிண்ணத்தின் அடியில் பட்டாணி கிடப்பது போலக் கிடக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம்தான். ஆக, ஜீப் கிளம்ப வேண்டுமென்றால் மேலே ஓர் ஆள், கீழே ஓர் ஆள். கீழே படுக்கிற ஆளுக்கு எங்கே போக இஷ்டமோ, அங்கேதான் வண்டி போகும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பாட்டுக் குழு கூடும். நெஸ்டாவுக்குத் தாழ்ந்த, கனமான குரல். அது இல்லாமல் இரண்டாம் வரிசை இடுப்பொடிந்து நிற்கிறது என்று குழுத் தலைவி டெலித் வாரா வாரம் போன் போட்டுப் புலம்புவாள். ஆனால் வியாழக்கிழமைதான் எம்லினுக்கு மதுக்கடைப் பலகையில் டார்ட்ஸ் அம்பு எறிகிற நாள். கறிக்கடை ஹூவெல் வேனில் வந்து அவனை அள்ளிக்கொண்டு போவான்.

“புது மோட்டார் போட்டுடலாமே,” என்று நெஸ்டா கேட்காத மாதம் இல்லை.

“எதுக்கு? நான் செத்தா போயிட்டேன்?” என்பான் எம்லின்.

ஒரு தடவை ஆத்திரம் தாங்காமல் ட்ராக்டரிலேயே பாட்டுக்குப் போனாள். மழை. போய்ச் சேர்ந்தபோது தலையிலிருந்து தண்ணீர், காலிலிருந்து ஆட்டுச் சாணி. டெலித் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டு, “நெஸ்டா கண்ணு, நீ இன்னிக்கு அந்த ஜன்னல் பக்கமா நின்னு பாடறியா?” என்றாள். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் நெஸ்டா முடிவு கட்டினாள். மோட்டாரைச் சரி செய்தே தீருவது. அதைவிட முக்கியம், அது எம்லினுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் ‘என் கைமேல நம்பிக்கை இல்லையா’ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அவன் முகத்தைத் தூக்கினால் இறக்க ஒரு பருவம் ஆகும்.

உதவிக்கு அவள் போனது சர்ச்சுக்கு. அங்கே புதிதாக வந்திருந்த பெண் போதகர் மென்னா, ஊழியத்துக்கு வருமுன் ராணுவத்தில் லாரி ரிப்பேர் பார்த்தவர். பிரசங்க மேடையில் நின்று கையை விரித்தால், விரல் இடுக்கில் பழைய கிரீஸ் இன்னும் தெரிகிற மாதிரி இருக்கும்.

“வந்து செஞ்சு தர்றேன்,” என்றார் மென்னா, கண் பளபளக்க. “ஆனா நெஸ்டா, ஒண்ணு சொல்லிடறேன். நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“பொய் எதுக்கு பாஸ்டரம்மா? சும்மா இருந்தா போதும்.”

“சும்மா இருக்கறது பாவத்துல வருமான்னு படிச்சுப் பாக்கணும்.”

“வேலை முடிஞ்சப்புறம் படிங்க.”

எம்லின் ஹூவெலோடு ஆட்டுச் சந்தைக்குப் போன நாள் வாய்த்தது. வேன் மேட்டைத் தாண்டி மறைந்ததும் மென்னா சைக்கிளில் வந்து இறங்கினார். கழுத்தில் வெள்ளைப் பட்டை, மேலே நீல நிற வேலை அங்கி, கேரியரில் கருவிப்பெட்டி.

நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்தார்கள். பானெட்டைத் திறந்து முதலில் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றினார் மென்னா. “இதை மறந்துட்டு ஸ்பேனரை விட்டா, மேல இருக்கறவரை நேர்லயே பாத்துடலாம்,” என்றார். பிறகு இருவரும் அடியில் நுழைந்தார்கள். கீழ்ப் பக்கத்து போல்ட் உடனே வந்துவிட்டது. மேலே இருந்தது என்ஜினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கண்ணுக்கும் அகப்படவில்லை, கைக்கும் அகப்படவில்லை. நெஸ்டா தோள்வரை கையை நுழைத்தாள். ஆட்டின் வயிற்றில் திரும்பிக் கிடக்கும் குட்டியின் காலைக் கண்ணால் பாராமலே தடவிக் கண்டுபிடிக்கிற கை அது. போல்ட்டின் தலை விரலில் தட்டுப்பட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“புடிச்சுட்டேன் பாஸ்டரம்மா. திமிருது.”

“விடாதே. இந்தா, நீளப் பிடி போட்ட ஸ்பேனர்.”

போல்ட் ஒரு கீச்சலோடு இளகியது. அடுத்த நிமிடம் மோட்டார் முழுக் கனத்தோடு மென்னாவின் மார்பில் வந்து உட்கார்ந்தது. அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்த சொல் ராணுவ காலத்துச் சொல். நெஸ்டா கேட்காத மாதிரி இருந்துகொண்டாள்.

சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, மோட்டாரை வைத்துப் பிரித்தார்கள். உள்ளிருந்து கரித்தூள் கொட்டியது. சுற்றுகிற பாகத்தை உரசிக்கொண்டு மின்சாரம் கொடுக்க வேண்டிய கார்பன் கட்டைகள் தேய்ந்து, கிழட்டு ஆட்டின் பல் மாதிரி நுனி மட்டும் மிச்சம் இருந்தன. சுவிட்சுக்குள் இருந்த செப்புத் தகடுகளையோ எலி கடித்தது போல மின்பொறி அரித்து வைத்திருந்தது.

“இது எப்படி இத்தனை நாள் ஓடிச்சு?” என்றார் மென்னா.

“கைராசி,” என்றாள் நெஸ்டா.

புது மோட்டாரே வாங்கி மாட்டியிருக்கலாம். ஆனால் அது அடிவயிற்றில் வெள்ளித் தட்டாக மின்னும். படுத்தவுடன் எம்லினுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் உள்ளே மட்டும் மாற்ற நெஸ்டா முன்கூட்டியே சாமான் வரவழைத்திருந்தாள். புது கார்பன், புது செப்புத் தகடு, தண்டு சுழலும் இரண்டு முனைக்கும் புது புஷ் வளையம். பார்சலைக் கொண்டுவந்த தபால் இத்ரிஸ் அதை ஆட்டி ஆட்டிப் பார்த்து, “என்னம்மா, நகையா?” என்று கேட்டபோது, “ஆமா, கம்மல்,” என்று சொல்லி வாங்கி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் பூட்டி, பேட்டரியில் கொடுத்துப் பார்த்தபோது மோட்டார் மேசையிலிருந்து துள்ளிக் குதிக்கப் பார்த்தது.

திரும்ப மாட்டி முடித்ததும், போல்ட் தலைகள் ஸ்பேனர் பட்டுப் பளிச்சென்றிருந்தன. நெஸ்டா ஒரு பிடி சேற்றை அள்ளி அவற்றின்மேல் அப்பினாள்.

“நெஸ்டா, இது பொய்யில சேருமே.”

“மண்ணு பாஸ்டரம்மா. ஆண்டவர் படைச்ச மண்ணு. அது எப்படிப் பொய் ஆகும்?”

மென்னா அதற்கும் வசனம் தேட வேண்டும் என்று முணுமுணுத்தபடி சைக்கிளில் ஏறினார்.

மறுநாள் காலை எம்லின் வழக்கம்போலப் படுத்தான். “ம்ம், போடு!” ஒரு தட்டுத் தட்டினான். நெஸ்டா சாவியைத் திருப்பியதும், அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தவன் திடீரென்று திட்டுகிற மாதிரி, என்ஜின் படபடவென்று எழுந்தது. எம்லின் வெளியே உருண்டு வந்து சுத்தியலைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.

“ஒரே தட்டு! பாத்தியா? ஒரே தட்டு!”

“பாத்தேன் ராசா,” என்றாள் நெஸ்டா.

இத்தோடு விட்டிருந்தால் அவள் நல்லவள். ஆனால் மேலே உட்கார்ந்து அந்த பூட்ஸ்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. அடுத்த நாள் அவன் தட்டியபோது சாவியை முழுதாகத் திருப்பாமல், “எடுக்கல,” என்றாள்.

“எடுக்கலயா?”

“கொஞ்சம் இடது பக்கமா தட்டிப் பாரேன். மழை பெய்யுதுல்ல.”

இடது பக்கம் தட்டினான். அவள் திருப்பினாள். வண்டி கிளம்பியது. “இடது பக்கம்!” என்று அடியிலிருந்து முணுமுணுப்பு வந்தது. ஒரு பெரிய உண்மை மனிதனுக்குள் இறங்குகிற முணுமுணுப்பு.

அதிலிருந்து தொடங்கியது. மழை நாளென்றால் இடது பக்கம். கிழக்குக் காற்றென்றால் பக்கவாட்டில் இரண்டு செல்லத் தட்டு. பனி கொட்டினால் முதலில் சுத்தியலைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டும். எம்லின் இதையெல்லாம் தானே கண்டுபிடித்ததாக மதுக்கடையில் வகுப்பே எடுத்தான். ஹூவெலின் கறி வேன் ஒருநாள் கிளம்பாமல் நின்றபோது இவன் போய் எதையோ தட்ட, அது கிளம்பித் தொலைத்தது. தட்டியது மோட்டாரே இல்லை, புகைக்குழாய் என்று நெஸ்டாவுக்கு மட்டும் தெரியும். அந்த ஊரில் ஒரே பேரில் பலர் இருப்பதால் தொழிலைச் சேர்த்துத்தான் ஆளைச் சொல்வார்கள். எம்லின் அதுவரை வெறும் ஹாவொட் வென் எம்லின். இப்போது சுத்தியல் எம்லின் ஆகிவிட்டான்.

வியாழக்கிழமைகளில் ஹூவெலின் வேன் மேடு ஏறியதும் நெஸ்டா சாவியைத் திருப்புவாள், பாட்டுக்குப் போவாள், அவன் வருமுன் வந்து ஜீப்பை அதே சக்கரத் தடத்தின்மேல் நிறுத்துவாள். ஒருமுறை அவன் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, “என்னடி இது, வெதுவெதுன்னு இருக்கு?” என்றான். “பெரோ மேல படுத்துக் கிடந்தான்,” என்றாள். நாய் அவளை ஒரு பார்வை பார்த்தது.

பெரிய சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது வந்தது. எம்லின் நேராகப் போதகரிடம் போனான்.

“பாஸ்டரம்மா, நீங்க ராணுவத்துல வண்டி பாத்தவங்க. நீங்களே சொல்லுங்க. என் ஜீப் மோட்டார் இப்பல்லாம் குதிரை மாதிரி எடுக்குது. அதுக்குக் காரணம் கைவாகுதானே?”

நெஸ்டாவின் கையிலிருந்த கேக் துண்டு அப்படியே நின்றது. மென்னா டீயை மெதுவாக விழுங்கினார். கூரையை ஒருமுறை பார்த்தார்.

“எம்லின், அந்த மோட்டார் இவ்வளவு நல்லா ஓடறதுக்கு உங்க வீட்டுல ஒரு கைதான் காரணம். இதை நான் மேடையில நின்னே சாட்சி சொல்வேன்.”

“கேட்டியா நெஸ்டா? கேட்டியா?”

“நல்லாக் கேட்டுது,” என்றாள் நெஸ்டா. மென்னா அவசரமாக வேறு யாரையோ விசாரிக்கப் போய்விட்டார்.

கோடை முடிவில் வேளாண் கண்காட்சி வந்தது. செம்மறி, வெங்காயத்தாள், கேக், நாய் ஓட்டம் என்று வழக்கமான போட்டிகளோடு இந்த வருடம் ஹூவெலின் யோசனையில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ஊரிலேயே முரண்டு பிடிக்கிற பழைய வண்டியை யார் சீக்கிரம் கிளப்புகிறார்கள் என்பது. பரிசு, ஹூவெல் கடைப் பன்றித்தொடை முழுசாக ஒன்று. எம்லின் பேர் கொடுத்துவிட்டு வந்து சொன்னான்.

“நான்தானே சாவி போடறேன்?” என்று நெஸ்டா அவசரமாகக் கேட்டாள்.

“பின்னே?”

வயலில் தூறல். கூடாரங்களிலிருந்து வெளியே வந்து ஊரே கயிற்றுக்குப் பின்னால் நின்றது. முதல் ஆள் பழைய ட்ராக்டரின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்து போனான். இரண்டாம் வண்டி புகையை மட்டும் தந்தது. அடுத்தது எம்லின். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்து, விரலை நக்கிக் காற்றில் நீட்டினான்.

“தென்மேற்கு. ஈரம். இடது பக்கம், ஒண்ணரைத் தட்டு,” என்று கூட்டத்துக்கு அறிவித்தான். கூட்டம் தலையாட்டியது.

நெஸ்டா ஏறப்போனாள். ஹூவெல் ஒலிபெருக்கியில், “நில்லு நில்லு, பொண்டாட்டி உதவி செல்லாது! சாவி நடுவர் கையில,” என்றான். நடுவர் தபால் இத்ரிஸ். அவர் ஏற்கெனவே ஓட்டுநர் இருக்கையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

“இத்ரிஸ் அண்ணே, அவன் தட்டட்டும், அப்புறம்...” என்று நெஸ்டா ஓடினாள்.

எம்லின் பாதிதான் உள்ளே போயிருந்தான். இடுப்புக்குக் கீழே வெளியே இருந்தது. காலால் மண்ணை உந்திக்கொண்டிருந்தான். இத்ரிஸ், சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்று சும்மா பார்க்கிற மாதிரி திருப்பினார்.

என்ஜின் ஒரே மூச்சில் எழுந்து கம்பீரமாக ஓடியது.

கயிற்றுக்குப் பின்னால் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். எம்லினின் கால்கள் அசையாமல் கிடந்தன. அந்தக் கால்களைப் பார்த்தபோது நெஸ்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வசந்தகாலம் முழுக்க அந்த முதுகு கிடந்த சேறு ஞாபகம் வந்தது. போய் அவன் பக்கத்தில் தானும் படுத்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. மென்னா கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், ஜெபிக்கிறாரா சிரிப்பை அடக்குகிறாரா தெரியவில்லை.

கால்கள் நெளிந்தன. எம்லின் வெளியே வந்தான். எழுந்து நின்றான். ஓடுகிற என்ஜினைப் பார்த்தான், இத்ரிஸைப் பார்த்தான், கடைசியாக நெஸ்டாவை, அதிக நேரம், பார்த்தான். பிறகு சுத்தியலைத் தலைக்குமேல் தூக்கினான்.

“நான் இன்னும் தட்டவே இல்லைங்க!” என்று கத்தினான். “ஆளைப் பாத்த பயத்துலயே கிளம்பிடுச்சு!”

வயல் வெடித்தது. ஹூவெல் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி கீச்சென்று அலறியது. பன்றித்தொடையை எம்லின் தோளில் ஏற்றி, குழந்தையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி வயலைச் சுற்றி நடக்கவிட்டார்கள்.

திரும்பும் வழியில் நெஸ்டாதான் ஓட்டினாள். பன்றித்தொடை நடுவில் உட்கார்ந்திருந்தது. மேட்டு வளைவு தாண்டியதும் எம்லின் கேட்டான், “எப்போலேருந்து?”

“குட்டி போடற சீசன்லேருந்து.”

“பாஸ்டரம்மாவும் கூட்டா?”

“அவங்க பொய் சொல்லல.”

“அது சரி. ‘உங்க வீட்டுல ஒரு கை’.” அவன் கொஞ்ச நேரம் துடைப்பான் கண்ணாடியில் போய் வருவதைப் பார்த்தான். “கிழக்குக் காத்துக்குப் பக்கவாட்டுல ரெண்டு தட்டு. அதுவும் நீதானா?”

“ம்.”

“சுத்தியலைச் சட்டைக்குள்ள வச்சுச் சூடு பண்ணினது?”

நெஸ்டாவால் அடக்க முடியவில்லை. சிரித்தாள். சிரித்துச் சிரித்து வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. “நெஞ்சுல பனிக்கட்டி மாதிரி இருந்துச்சுடி பாவி,” என்றான் அவன். அவனுக்கும் உதடு துடித்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

“மோட்டார் மாத்தினா உனக்கு என்ன நஷ்டம்? அதைச் சொல்லு முதல்ல,” என்றாள் அவள்.

எம்லின் பன்றித்தொடையின் கயிற்றை முறுக்கினான். “நாய் நீ சொன்னாத்தான் கேக்குது. குட்டி மாட்டிக்கிட்டா உன் கைதான் உள்ள போகணும். கம்பளி வாங்கறவன் உன்கிட்டத்தான் பேசறான். இந்தப் பண்ணையில நான் இல்லாம நடக்காத காரியம் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதையும் ரிப்பேர் பண்ணிட்டே.”

நெஸ்டா என்ஜினை அணைத்தாள். கண்ணாடியில் தூறல் தட்டியது. “இன்னிக்கு அங்க நின்னு அப்படி ஒண்ணைச் சொல்ல என்னால முடிஞ்சிருக்காது எம்லின்,” என்றாள். “நான்னா அடியிலேயே கிடந்திருப்பேன்.”

“அது என்னமோ உண்மைதான்,” என்று அவன் உடனே ஒப்புக்கொண்டான்.

வாரம் முழுக்க அவன் முகம் தூக்கிய முகமாகவே இருந்தது. ஆனால் பன்றித்தொடையை மட்டும் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டான். வியாழக்கிழமை வந்தது. ஹூவெலின் வேனைக் காணோம், எம்லினையும் காணோம். நெஸ்டா பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். ஒன்றும் இல்லை. ‘டிக்’ கூட இல்லை. மறுபடி திருப்பினாள். செத்த பிணம்.

கீழேயிருந்து மிகவும் பணிவான குரல் ஒன்று வந்தது.

“தட்டட்டுங்களா அம்மா?”

அவள் இறங்கி எட்டிப் பார்த்தாள். மல்லாந்து படுத்திருந்தான், மார்பில் கைகளைக் கோத்துக்கொண்டு. பானெட்டைத் திறந்து பார்த்தால் பேட்டரி ஒயர் கழன்று கிடந்தது.

“அட கழிசடையே! வெளிய வா!”

“வியாழக்கிழமை எனக்குப் போக்கிடம் இல்ல. மதுக்கடைக்குள்ள நான் போனா நாற்காலியெல்லாம் பயந்து நகருதுன்னு ஹூவெல் சொல்றான். ஊரே சிரிக்குது.”

அவளே ஒயரை மாட்டி முடுக்கினாள். அவன் முதுகுச் சேற்றுக்காக இருக்கையில் ஒரு தீவனச் சாக்கை விரித்தாள். “ஏறு,” என்றாள்.

போய்ச் சேர்ந்தபோது பாட்டு தொடங்கிவிட்டிருந்தது. ஆண் குரல் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த டெலித், எம்லினைக் கண்டதும் பாய்ந்து வந்து கடைசி வரிசையில் நிறுத்தினாள். அவன் வாயைத் திறந்து இரண்டு அடி பாடினான். முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டெலித் கையை இறக்கி, நாற்காலி அடுக்க நல்ல பலசாலி ஆள் ஒருத்தர் ரொம்ப நாளாகத் தேவைப்படுகிறது என்று மிக மென்மையாகச் சொன்னாள். எம்லின் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். டீ இடைவேளைக்குள் மண்டபத்து நாற்காலிகளில் ஆடுகிற கால் எது எது என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, கேக் தட்டோடு டெலித்திடம் வந்து நின்றான்.

“எல்லாம் ஆணி தளர்ந்திருக்கு,” என்றான். “அடுத்த வாரம் சுத்தியல் கொண்டாரேன்.”